சவுண்ட் கார்டு மாற்றினால் பாட்டு இன்னும் நன்றாகக் கேட்குமா?

வாசகர் கேள்வி – பதில்

கணினியில் ஹெட்ஃபோன் மாட்டிப் பாட்டுக் கேட்பதைப் பற்றி இந்த மாதம் நிறையக் கடிதங்கள். ஆம்ப்ளிஃபயரும் ஹெட்ஃபோனும் பழுது பார்ப்பதே என் தொழில் என்பதால், இந்தக் கேள்விகள் தினமும் என் சர்வீஸ் மேஜைக்கு நேரிலும் வருபவைதான். ஒன்றோடொன்று தொடர்புள்ளவற்றைச் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

பொறியியல் மாணவர், ஈரோடு: என் கணினியில் மதர்போர்டோடு வந்த ரியல்டெக் ஏஎல்சி 892 சவுண்டுதான். 900 ரூபாய் ஹெட்ஃபோனில் கேட்கிறேன். எல்லா வாத்தியமும் ஒன்றாகக் குழைந்து மந்தமாகக் கேட்கிறது. 7,000 ரூபாயில் ஒரு சவுண்ட் கார்டு பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

வாங்க வேண்டாம் தம்பி. அந்த 7,000 ரூபாயை ஹெட்ஃபோனில் போடுங்கள். காரணத்தோடு சொல்கிறேன், இந்த மாதக் கடிதங்களில் பலவற்றுக்கும் இதுவே அடிப்படை.

சவுண்ட் கார்டுக்கு வேலை இரண்டுதான். கோப்பில் எண்களாக இருக்கும் பாட்டை மின்னழுத்தமாக மாற்ற வேண்டும். அந்த மின்னழுத்தத்துக்கு ஹெட்ஃபோனை ஆட்டும் அளவு பலம் தர வேண்டும். முதல் வேலையை இன்றைக்குச் சாதாரண மதர்போர்டு சிப்பே ஒழுங்காகச் செய்துவிடுகிறது. நாம் கேட்கும் எல்லையில், எந்த ஒலியையும் அது கூட்டுவதோ குறைப்பதோ பெரும்பாலும் ஒரு டெசிபலுக்கும் கீழேதான். ஹெட்ஃபோன் அப்படியல்ல. ஒரே விலையில் இருக்கும் இரண்டு ஹெட்ஃபோன்களுக்கு நடுவிலேயே பேஸ் எனும் தாழ்ந்த ஒலிகளிலும், உச்ச ஒலிகளிலும் 5, 10 டெசிபல் வேறுபாடு சர்வ சாதாரணம். பாட்டு குழைகிறது என்றால் முதலில் அங்கேதான் தேட வேண்டும். விலை குறைந்த பல ஹெட்ஃபோன்களில் பேஸைத் தூக்கி வைத்திருப்பார்கள். கடையில் கேட்கும் இரண்டு நிமிடத்துக்கு அது பிரமாதமாக இருக்கும். வீட்டில் அந்தப் பேஸ் பாடகரின் குரல்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு நல்ல கார்டு போட்டாலும் அது இறங்காது.

உங்கள் ஏஎல்சி 892 சிப்பின் தரவுத்தாளில், இரைச்சலுக்கும் முழு ஒலிக்கும் உள்ள இடைவெளி 95 டெசிபல் என்று இருக்கும். 1982-இல் சந்தைக்கு வந்த சிடியின் 16 பிட்டுக்குக் கணக்குப்படி கிடைப்பதே 96 டெசிபல்தான். பின்னால் வந்த ஏஎல்சி 1150-க்கு 115, ஏஎல்சி 1220-க்கு 120. இந்த எண்களைப் பார்த்தே போர்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது சிப்பைத் தனியாகச் சோதித்த எண். பக்கத்தில் கிராபிக்ஸ் கார்டும், பிராசஸருக்கு மின்சாரம் தரும் பகுதியும் இரைந்துகொண்டிருக்கும் போர்டில் உட்கார்ந்த பிறகு அது எவ்வளவு ஆகிறது என்பது, போர்டை வடிவமைத்தவரின் கையில் இருக்கிறது. 1220 போட்டும் இரைகிற போர்டு உண்டு. 892 போட்டு அமைதியாக இருக்கும் போர்டும் உண்டு.

அதனால் எண்ணை விடுங்கள், காதால் சோதியுங்கள். ஹெட்ஃபோனை மாட்டி, எதையும் ஓட்டாமல், ஒலியளவை நீங்கள் வழக்கமாக வைக்கும் இடத்தில் வைத்து, இரவில் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். சீறல், ரீங்காரம் ஏதாவது கேட்கிறதா? அடுத்து, மெதுவாகத் தொடங்கும் ஒரு கச்சேரிப் பதிவைப் போடுங்கள். முழு ஒலியளவு வைத்தும் போதவில்லையா? இரண்டும் இல்லை என்றால் உங்கள் கார்டு தன் வேலையைச் செய்கிறது. மூன்றாவதாக, வெளியீட்டு மின்தடை (ஜாக்குக்குப் பின்னால், கணினிக்குள் இருக்கும் மின்தடை) கூடுதலாக இருப்பது என்று ஒரு குறை உண்டு. அதைச் சேலத்து ஆசிரியருக்கான பதிலில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன். இந்த மூன்றில் ஒன்று இருப்பது நிச்சயமானால் மட்டுமே கார்டு மாற்றும் செலவில் பலன் உண்டு.

நண்பரிடம் நல்ல கார்டு இருந்தால் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் இரண்டின் ஒலியளவும் துல்லியமாக ஒன்றாக இருக்க வேண்டும். அரை டெசிபல், ஒரு டெசிபல் கூடுதலாக இருப்பதை நம் காது ‘சத்தம் அதிகம்’ என்று எடுத்துக்கொள்ளாது, ‘தெளிவு அதிகம்’ என்றே எடுத்துக்கொள்ளும். கார்டு மாற்றியதும் திரை விலகியதுபோல் இருந்தது என்று சொல்பவர்களில் பலர் கேட்டது அந்த ஒரு டெசிபலைத்தான். ஒலியளவைச் சமமாக்கி, எது ஓடுகிறது என்று தெரியாமல் வேறொருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். அப்போதும் வேறுபாடு தெரிந்தால் அது உண்மையானது.

ஹெட்ஃபோன் வாங்கும்போது, உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த பாட்டைப் போனில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 1991 முதல் ஒலிப்பதிவுக் கூடங்களில் புழங்கும் சோனி எம்டிஆர் 7506 போன்ற ஒன்றை ஒருமுறையாவது காதில் வைத்துப் பாருங்கள். வாங்காவிட்டாலும் பரவாயில்லை. குரல் எங்கே நிற்க வேண்டும் என்று காதுக்குத் தெரிந்துவிடும்.

டிடிபி மையப் பணியாளர், திருச்சி: கேபினட்டின் முன்பக்கத்தில் ஹெட்ஃபோன் செருகினால் எப்போதும் ‘ஸ்ஸ்’ என்று சத்தம். மவுஸை நகர்த்தும்போது ‘கிர்கிர்’ என்று மாறுகிறது. கடைக்காரர் சவுண்ட் கார்டு போய்விட்டது, புதிது போடுங்கள் என்கிறார்.

போகவில்லை அம்மா. முதலில் ஹெட்ஃபோனை முன்பக்கத்திலிருந்து எடுத்து, கேபினட்டின் பின்பக்கத்தில் இருக்கும் பச்சை ஜாக்கில் செருகிப் பாருங்கள். சத்தம் அங்கே பெரும்பாலும் மறைந்துவிடும்.

முன்பக்க ஜாக்குக்கு மதர்போர்டிலிருந்து ஒரு மெல்லிய கேபிள் போகிறது. போர்டின் அடிப்பக்கத்து ஓரத்தில் அது செருகியிருக்கும். அங்கிருந்து கிராபிக்ஸ் கார்டையும் ஹார்டு டிஸ்கையும் கடந்து கேபினட்டின் முகப்பு வரை வர வேண்டும். விலை குறைந்த கேபினட்டுகளில் இந்தக் கேபிளுக்கு உலோகக் கவசம் சரியாக இருக்காது. உள்ளே நடக்கும் மின் சலசலப்பை எல்லாம் அது வாங்கிக்கொள்ளும். மவுஸ் நகரும்போது பிராசஸருக்கும் திரைக்கும் வேலை கூடுகிறது. அதைத்தான் நீங்கள் காதில் கேட்கிறீர்கள். மூடியைத் திறக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால், கணினியை அணைத்து மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, அந்தக் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டிலிருந்து விலக்கி, கேபினட்டின் உலோகச் சுவரை ஒட்டிக் கட்டச் சொல்லுங்கள். அதுவே பாதிக்கு மேல் குறைத்துவிடும்.

பின்பக்கத்திலும் சத்தம் இருந்தால், விண்டோஸ் ஒலி அமைப்பில் மைக்கின் சத்தத்தை ஹெட்ஃபோனிலேயே கேட்கும் வசதி யாராவது போட்டு வைத்திருக்கிறார்களா பாருங்கள். அதை அணைத்தும் போகாவிட்டால் அப்போது செலவு செய்யலாம். கேபினட்டுக்குள் செருகும் கார்டு வேண்டாம். யூஎஸ்பியில் செருகும் சின்ன டிஏசி (எண்ணை மின்னழுத்தமாக்கும் கருவி) போதும். அந்த வேலை கேபினட்டுக்கு வெளியே போய்விடுகிறது என்பதே அதன் பெரிய பலம். டைப்-சி யூஎஸ்பியிலிருந்து 3.5 மில்லிமீட்டர் ஜாக் தரும் ஆப்பிளின் சின்ன அடாப்டர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. போனுக்காகச் செய்தது என்றாலும் கணினியிலும் வேலை செய்யும். அளந்து பார்த்தால் பல மடங்கு விலையுள்ள பெட்டிகளுக்குச் சமமாக நிற்கிறது. உங்கள் கணினியில் டைப்-சி துளை இல்லையென்றால் அதற்கு ஒரு மாற்றுச் செருகி வேண்டும். ஐரோப்பாவில் விற்கும் வகையில் வெளியீட்டு மின்னழுத்தம் பாதிதான், அதனால் வெளிநாட்டிலிருந்து வாங்கி வரச் சொல்லாதீர்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நாகர்கோவில்: வெளிநாட்டில் இருக்கும் மகன் ஒரு நல்ல ஹெட்ஃபோன் அனுப்பினான். 250 ஓம் என்று போட்டிருக்கிறது. மடிக்கணினியில் புதுப் பாட்டுகள் ஓரளவு கேட்கின்றன. பழைய கச்சேரிகள் முழு ஒலியளவிலும் தூரத்தில் கேட்பதுபோல் இருக்கின்றன. ஹெட்ஃபோனில் குறையா?

ஹெட்ஃபோனில் குறை இல்லை ஐயா. அது ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் செய்த வகை. உங்கள் மடிக்கணினியால் அதற்குப் போதுமான மின்னழுத்தம் தர முடியவில்லை.

சின்னக் கணக்கு ஒன்று. மின்திறன் என்பது மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தது. உங்கள் ஹெட்ஃபோன் ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த வகைக்கு அது வழக்கமான அளவு. 250 ஓமில் ஒரு மில்லிவாட் எடுக்க அரை வோல்ட் வேண்டும். மடிக்கணினி உச்சத்தில் அரை வோல்ட்தான் தரும் என்றால், பாட்டின் மிகச் சத்தமான நொடியில் உங்களுக்கு 96 டெசிபல் கிடைக்கும். இப்போதைய சினிமாப் பாட்டில் தொடக்கம் முதல் முடிவு வரை எல்லாமே அந்த உச்சத்தை ஒட்டியே பதிவாகியிருக்கும், அது கேட்டுவிடும். கச்சேரி அப்படியல்ல. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் ஓங்கி விழும் இடத்துக்கு இடம் விட்டுப் பதிவு செய்திருப்பார்கள். ஆலாபனை அதற்கு 20 டெசிபலோ இன்னும் கூடவோ கீழே இருக்கும். நீங்கள் கேட்கும் ‘தூரம்’ அதுதான்.

2 வோல்ட் தரும் யூஎஸ்பி டிஏசி ஒன்று, ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர் சேர்ந்தே வருவதாக வாங்குங்கள். அரை வோல்ட்டிலிருந்து 2 வோல்ட் என்றால் 12 டெசிபல் கூடுதல். உங்களுக்கு அது தாராளம். ஒலியளவுக்குத் திருகு குமிழ் இருப்பதாகப் பார்த்து வாங்கினால் திரையில் தேட வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கச்சேரிக்குக் கூட்டி வைத்த குமிழை, அடுத்து சினிமாப் பாட்டுப் போடும் முன் இறக்கிவிடுங்கள். 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். போன செவித்திறன் திரும்பி வராது. நல்ல சாதனம் கையில் இருப்பவர்கள்தான் இதில் அதிகக் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் நல்ல சாதனத்தில் சத்தம் கூடியது உறுத்தாது.

பாலிடெக்னிக் ஆசிரியர், சேலம்: ஹெட்ஃபோனுக்கு வெளியீட்டு மின்தடை முக்கியம் என்கிறார்கள். என் 32 ஓம் ஹெட்ஃபோன் போனில் அழகாகக் கேட்கிறது, கணினியில் பேஸ் ஊதிக் கேட்கிறது. இதுதான் காரணமா? வீட்டில் அளக்க முடியுமா?

இந்த மாதம் எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. கார்டு மாற்றினால் உண்மையிலேயே ஒலி மாறும் இடம் இதுதான். இதைப் பற்றிக் கடையில் யாரும் பேசுவதில்லை, பெட்டியிலும் அச்சிடுவதில்லை.

ஹெட்ஃபோன்மேல் 32 ஓம் என்று போட்டிருப்பது ஒரே ஒரு எண். உண்மையில் மின்தடை அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும். திறந்த வகை (காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் மூடாத) ஹெட்ஃபோன்கள் பலவற்றில் 100 ஹெர்ட்ஸ் சுற்றி அது ஒரு மேடுபோல் ஏறி இறங்கும். உங்கள் ஹெட்ஃபோனில் அந்த மேட்டின் உச்சி 60 ஓம் என்று கொள்வோம். கணினியின் ஜாக்குக்குப் பின்னால், ஸ்பீக்கர் பெட்டிக்குச் சிக்னல் அனுப்புவதற்காக 75 ஓம் மின்தடையைத் தொடரில் வைத்த போர்டுகள் உண்டு. இப்போது இது ஒரு மின்னழுத்தப் பகிர்வுச் சுற்று ஆகிவிடுகிறது. குரல் இருக்கும் இடத்தில் 32-ஐ 107-ஆல் வகுக்க, ஹெட்ஃபோனுக்கு 0.30 பங்கு கிடைக்கும். 100 ஹெர்ட்ஸில் 60-ஐ 135-ஆல் வகுக்க 0.44 பங்கு. வேறுபாடு சுமார் 3.4 டெசிபல். பதிவில் இல்லாத பேஸை ஜாக்கே சேர்த்துவிடுகிறது. மிருதங்கத்தில் இடப்பக்கத் தொப்பியின் கும்கி நாதம் தெளிவாக வளைந்து வராமல் ‘பொம்’ என்று பரவுவது இதனால்தான். அதே ஹெட்ஃபோனை 2 ஓம் வெளியீடு உள்ள சாதனத்தில் செருகினால் வேறுபாடு கால் டெசிபல்தான், யாருக்கும் கேட்காது. உங்கள் போன் அழகாகக் கேட்பதற்கு இது காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

வெளியீட்டு மின்தடை, ஹெட்ஃபோனின் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது நடைமுறை விதி. உங்கள் 32 ஓமுக்கு 4 ஓம். நாகர்கோவில் ஐயாவின் 250 ஓமுக்கு 31 ஓம் வரை சரி. அந்த வகையில் இந்தத் தொல்லை குறைவு.

அளப்பது எளிது, உங்கள் மாணவர்களுக்கு ஒரு நல்ல செய்முறையாகவே வைக்கலாம். உடைந்த இயர்ஃபோனின் 3.5 மில்லிமீட்டர் ஒயர், 33 ஓம் கால் வாட் ரெசிஸ்டர் ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று. மல்டிமீட்டரில் ஏசி அளவு 2 வோல்ட்டிலிருந்து தொடங்க வேண்டும். 200 வோல்ட்டிலிருந்து தொடங்கும் மலிவு மீட்டர் உதவாது. கணினியில் 50 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஓட்டுங்கள். 1,000 ஹெர்ட்ஸ் வேண்டாம், பல மீட்டர்கள் அங்கே தப்புக் காட்டும். ஹெட்ஃபோன் காதில் இருக்கக்கூடாது, ஜாக்கிலும் இருக்கக்கூடாது. இடது ஒயருக்கும் பொது ஒயருக்கும் நடுவில் மின்னழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே இடத்தில் ரெசிஸ்டரை இணைத்து மறுபடி பாருங்கள். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்து, இரண்டாவதால் வகுத்து, 33-ஆல் பெருக்குங்கள். வெறுமனே 1 வோல்ட், ரெசிஸ்டரோடு 0.31 வோல்ட் என்று வந்தால் விடை சுமார் 73 ஓம். 0.94 வோல்ட் என்று வந்தால் 2 ஓம்தான்.

கூடுதலாக வந்தால் உடனே கார்டு வாங்கிவிடாதீர்கள். திருச்சி அம்மாவுக்குப் பின்பக்க ஜாக்கைச் சொன்னேன், உங்களுக்கு முன்பக்கத்தையும் அளக்கச் சொல்கிறேன். சில போர்டுகளில் ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர் முன்பக்க ஜாக்குக்கு மட்டுமே இருக்கும். ரியல்டெக் மென்பொருளில் ஜாக்கில் செருகியிருப்பது ஸ்பீக்கரா, ஹெட்ஃபோனா என்று தேர்ந்தெடுக்கும் இடமும் உண்டு. ஹெட்ஃபோன் என்று மாற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். எதிலும் இறங்கவில்லை என்றால்தான் யூஎஸ்பி டிஏசி. வாங்கும்போது வெளியீட்டு மின்தடை 2 ஓமுக்குள் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்களா பாருங்கள். எழுதாதவரிடம் வாங்க வேண்டாம்.

மென்பொருள் ஊழியர், பெங்களூரு: புளூடூத் ஹெட்ஃபோன் வைத்திருக்கிறேன். நல்ல சவுண்ட் கார்டு போட்டால் முன்னேறுமா? அலுவலக மீட்டிங் தொடங்கினால் பாட்டு டெலிபோன்போல் ஆகிவிடுகிறது.

துளியும் முன்னேறாது. புளூடூத்தில் பாட்டு எண்களாகவே காற்றில் போகிறது. மின்னழுத்தமாக மாற்றும் சிப் உங்கள் ஹெட்ஃபோனுக்குள் இருக்கிறது. யூஎஸ்பியில் நேரடியாகச் செருகும் ஹெட்செட்டுக்கும் இதே பதில்தான்.

மீட்டிங் விஷயம் வேறு. ஹெட்ஃபோனின் மைக் வேலை செய்யத் தொடங்கியதும் புளூடூத் தொலைபேசி முறைக்கு மாறுகிறது. அதில் ஸ்டீரியோ இல்லை. ஒலியை அளந்து எண்ணாக்கும் மாதிரிகள் நொடிக்கு 8,000 அல்லது 16,000தான். மீட்டிங் மென்பொருளில் மைக்காக மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். ஹெட்ஃபோன் ஸ்டீரியோவிலேயே நிற்கும்.

ஜவுளி வணிகர், கோவை: 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று போட்ட கார்டு வாங்கினால் என் பழைய பாட்டுகள் துல்லியமாகக் கேட்குமா?

கேட்காது. கோப்பில் இருப்பதுதான் வெளியே வரும். சிடியில் நொடிக்கு இருக்கும் 44,100 மாதிரிகள் 22,050 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை முழுமையாக ஏந்தும். மனிதக் காதின் எல்லை இளமையில் 20,000. நாற்பது வயது தாண்டியவர்களுக்கு 15,000-க்கு மேல் கேட்பதே அரிது. 24 பிட் பதிவு செய்கிறவர்களுக்கு உண்மையாகவே பயன்படுகிறது, கலக்கும்போது இடம் கிடைக்கிறது. கேட்கிறவருக்கு 16 பிட்டின் 96 டெசிபல் இடைவெளியே போதும், அதன் இரைச்சல் எந்த வீட்டின் இரைச்சலுக்கும் கீழே போய்விடும்.

செய்ய வேண்டியது ஒன்று உண்டு. விண்டோஸ் எல்லா ஒலியையும் ஒரே வேகத்துக்கு மாற்றித்தான் வெளியே விடும். உங்களிடம் இருப்பவை சிடியிலிருந்து எடுத்தவை என்றால் அந்த வேகத்தை 44,100 என்றே வையுங்கள். 192,000 வைப்பதால் ஒன்றும் கூடப்போவதில்லை. ‘என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ என்ற பெயரில் இருப்பவற்றை எல்லாம் அணைத்துவிடுங்கள். குரலைப் பின்னுக்குத் தள்ளும் வேலையைப் பல கணினிகளில் இவைதான் செய்கின்றன.

வாசகி, யாழ்ப்பாணம்: என் ஹெட்ஃபோனில் பெண் குரல்களில் ‘ச’, ‘ஸ’ வரும் இடமெல்லாம் காதில் குத்துகிறது. கார்டு மாற்றினால் மென்மையாகுமா?

ஆகாது. இது ஹெட்ஃபோனின் குணம், 6,000 முதல் 9,000 ஹெர்ட்ஸுக்குள் எங்கோ ஒரு முனை தூக்கி நிற்கிறது. ஆனால் காசு செலவில்லாமல் அடக்கலாம். ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளை விண்டோஸில் நிறுவிக்கொள்ளுங்கள். முதலில், குறைந்த ஒலியளவில் 5,000-லிருந்து 10,000 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியைக் கேளுங்கள். எங்கே திடீரென்று கூர்மையாகிறதோ அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த இடத்தில் மட்டும் 3 அல்லது 4 டெசிபல் குறையுங்கள். ஒரு நாள் முழுக்கக் கேட்டுவிட்டு மறுபடி திருத்துங்கள். புதிதாக மாற்றிய ஐந்தாவது நிமிடத்தில் காது சொல்வதை நம்ப வேண்டாம்.

எங்காவது கூட்டுவதாக இருந்தால், கூட்டிய அளவுக்கு மொத்த அளவைக் குறைக்க வேண்டும். பேஸில் 5 டெசிபல் ஏற்றினால் ‘ப்ரீஆம்ப்’ இடத்தில் கழித்தல் 5. இல்லையென்றால் சத்தமான இடங்களில் ஒலி கிழியும். இன்னொன்று: பாட்டு மென்பொருள் கார்டைத் தனக்கே எடுத்துக்கொள்ளும் ‘எக்ஸ்குளூசிவ்’ முறையில் ஓடினால் இந்த ஈக்வலைசர் வேலை செய்யாது, அந்த முறையை அணைத்து வையுங்கள்.

இந்தத் திருத்தத்தை, ஈக்வலைசர் இல்லாத இலட்ச ரூபாய் டிஏசியாலும் செய்ய முடியாது. ஹெட்ஃபோனை நேசிக்கும் ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ள வேண்டிய கருவி இது என்பேன்.

கப்பல்துறைப் பணியாளர், சிங்கப்பூர்: பரணில் சவுண்ட் பிளாஸ்டர் லைவ் கார்டு ஒன்று பத்திரமாக இருக்கிறது. அந்தக் காலத்தில் எவ்வளவோ பெயர் எடுத்தது. புதுக் கணினியில் போடலாமா?

உங்கள் ஊரின் பெருமை அந்தக் கார்டு. 1981-இல் சிம் வோங் ஹூ சிங்கப்பூரில் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம், 1989-இல் முதல் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தது. அதுவரை பெரும்பாலான பிசிகளுக்குத் தெரிந்த சத்தம் ‘பீப்’ ஒன்றுதான். 1992-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலான முதல் சிங்கப்பூர் நிறுவனமும் அதுவே. 2023 ஜனவரியில் அவர் காலமானார். மேசைக் கணினியில் பாட்டுக் கேட்கும் பழக்கத்தை உலகத்துக்குக் கொடுத்தவர்களில் அவருக்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

ஆனால் 1998-இல் வந்த உங்கள் ‘லைவ்’ பழைய பிசிஐ துளைக்கானது. இன்றைய போர்டுகளில் பிசிஐ எக்ஸ்பிரஸ்தான் இருக்கும். அளவே வேறு, பொருந்தாது. மாற்றுச் செருகி வைத்துப் பொருத்தினாலும் விண்டோஸ் 11-க்கு நிறுவனத்தின் டிரைவர் கிடையாது. லினக்ஸில் இன்னும் ஓடும். ஓடினாலும் சிடியின் 44,100-ஐ அது உள்ளே 48,000-ஆக மாற்றித்தான் இசைக்கும். அந்த மாற்றத்தை இன்றைய மதர்போர்டு சிப்பைவிடச் சுமாராகவே செய்யும். பழைய பெண்டியம் கணினி ஏதாவது ஓடும் நிலையில் இருந்தால் அதில் போட்டு, அந்தக் கால விளையாட்டுகளோடு கேளுங்கள். அங்கே அதற்கு இணை இல்லை.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: ஆறு வருடமாக வைத்திருக்கும் ஹெட்ஃபோனில் முன்புபோல் பேஸ் இல்லை. காதுப் பட்டையில் தோல் உரிந்து உதிர்கிறது. கணினி பழசானதாலா?

பட்டை உரிந்ததால்தான் அம்மா. காதைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைத்திருந்தால்தான் மூடிய வகை ஹெட்ஃபோனில் பேஸ் நிற்கும். உதிர்ந்த பட்டையின் இடைவெளி வழியாக அது வெளியே போய்விடுகிறது. மூக்குக் கண்ணாடியின் காம்பு தூக்கிப் பிடித்தாலும் இப்படி ஆகும். மாடல் எண்ணைச் சொல்லி மாற்றுப் பட்டை கேளுங்கள். பெரும்பாலான ஹெட்ஃபோன்களுக்குத் தனியாகவே கிடைக்கிறது. பழைய பட்டையின் கனமும் உள் ஆழமும் புதியதிலும் அதே அளவு இருக்க வேண்டும். மெலிதானதை மாட்டினால் ஒலி மாறும், ஸ்பீக்கர் காதில் இடிக்கும். பழையதைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் மெல்லிய துணி வட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், புதிய பட்டைக்கு அடியில் அதைத் திரும்ப வைக்க வேண்டும்.